வெறுங்காலுடன் சீமையில் பந்தாடிய சலீம்!

1936-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி. வெள்ளிக்கிழமை மாலை.

ஸ்காட்லாந்து நாட்டில் கிளாஸ்கோ என்று ஒரு பெரிய நகரம். அந்த நகரத்தில் பார்க்ஹெட் என்ற இடத்தில் ஒரு பந்தாட்ட மைதானம். பச்சையும் வெள்ளையும் பட்டை பட்டையாகப் போட்ட பனியன் அணிந்து, செல்டிக் அணியினர் களத்தில் இறங்கினார்கள்.

அவர்களில் ஒருவரைப் பார்த்ததும் கூட்டத்தில் ஒரே சலசலப்பு!

மற்ற பத்துப் பேர் கால்களிலும் கனமான தோல் பூட்ஸ். அந்த ஒருவர் காலில் பூட்ஸ் இல்லை. துணிக்கட்டு மட்டும் சுற்றியிருந்தது. விரல்கள் வெளியே தெரிந்தன. முகத்தைப் பார்த்தால் வெள்ளைக்காரர் இல்லை. மாநிறம்.

அவர் பெயர் முகமது சலீம். ஊர் கல்கத்தா. வயது 32. இங்கிலீஷ் பேச வராது.

ஆட்டம் முடிந்தபோது செல்டிக் 7 கோல், எதிரணியான கால்ஸ்டன் 1 கோல். ஏழில் மூன்று கோல்களுக்குச் சலீம்தான் வழி செய்து கொடுத்தார். மறுநாள் பத்திரிகையில் அவரைப் பற்றிக் கொட்டை எழுத்தில் செய்தி வந்தது. "இந்திய ஜாலவித்தைக்காரர்" என்று தலைப்புப் போட்டார்கள்!

அடிமை நாட்டிலிருந்து கப்பல் ஏறிப்போன ஒருவர், ஆளுகிறவர்களின் நாட்டில், அவர்களுடைய ஆட்டத்தில், அவர்களையே வாய்பிளக்க வைத்தார். அவர் கதை இது.

ஆலை வாசலில் பிறந்த ஆட்டம்

சலீம் கதைக்கு முன்னால், அவர் போன இடத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கால்பந்து என்றால் சீமைப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு. பணக்காரர்கள் பள்ளிக்கூடத்தில் அதற்குச் சட்டதிட்டம் வகுத்தார்கள். ஆனால் அதை வளர்த்தவர்கள் தொழிலாளிகள்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. சங்கு ஊதியதும் ஒரு ஷிப்டு உள்ளே போகும். இன்னொரு ஷிப்டு வெளியே வரும். இப்படிப்பட்ட ஆலை வாசல்களில்தான் இங்கிலாந்தின் பெயர்பெற்ற கழகங்கள் பல பிறந்தன. இன்று உலகமெல்லாம் தெரிந்த ஆர்சனல் அணியை 1886-ல் தொடங்கியவர்கள் ஒரு வெடிமருந்து ஆயுதச் சாலைத் தொழிலாளிகள். மான்செஸ்டர் யுனைடெட் அணி 1878-ல் ரயில்வேத் தொழிலாளிகளின் அணியாகப் பிறந்தது. வெஸ்ட்ஹாம் அணி ஒரு கப்பல் கட்டும் ஆலையின் அணி. சனிக்கிழமை அரை நாள் வேலை. மத்தியானம் சங்கு ஊதினால் நேரே மைதானம்!

சலீம் ஆடிய பார்க்ஹெட்டும் அப்படித்தான். பக்கத்திலேயே பிரமாண்டமான ஓர் இரும்பு ஆலை. சுற்றிலும் ஏழைத் தொழிலாளிகளின் வீடுகள். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் அங்கே அதிகம். அந்த ஏழைகளின் குழந்தைகளுக்குச் சாப்பாடு போடப் பணம் திரட்ட வேண்டும் என்பதற்காகவே, 1887-ல் ஒரு கிறிஸ்தவத் துறவி செல்டிக் கழகத்தைத் தொடங்கினார்.

வாரம் எட்டுப் பவுன்

இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவே இங்கிலாந்தில் ஒரு கால்பந்து வீரரின் வாழ்க்கை எப்படி இருந்தது?

வாரத்துக்கு எட்டுப் பவுனுக்கு மேல் எந்த வீரருக்கும் சம்பளம் கொடுக்கக் கூடாது என்று 1922-ல் இங்கிலாந்து லீக் விதி செய்தது. ஆட்டம் இல்லாத கோடைக்காலத்தில் ஆறு பவுன்தான். எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும் இதுதான் கணக்கு. எட்டுப் பவுன் என்பது அன்றைய மதிப்பில் சுமார் 106 ரூபாய். ஆலைத் தொழிலாளியின் கூலியைவிட அதிகம். ஆனால் மைதானத்தில் திரண்ட கூட்டத்தையும் டிக்கெட் வசூலையும் பார்த்தால் சொற்பம். சம்பளத்துக்கு உச்சவரம்பு வைக்கும் இந்த வழக்கம் 1961-ல்தான் ஒழிந்தது.

டிக்ஸி டீன் என்று ஒருவர் இருந்தார். லிவர்ப்பூல் நகரத்து எவர்ட்டன் கழகத்தின் வீரர். அந்தக் கழகம் 1925-ல் அவரை 3,000 பவுன் கொடுத்து இன்னொரு கழகத்திடமிருந்து வாங்கியது. மறு வருஷமே மோட்டார் சைக்கிள் விபத்தில் அவர் மண்டை உடைந்தது. இனி ஆடவே முடியாது என்று பயந்தார்கள். ஆனால் 1927-28 பருவத்தில் அவர் லீக் ஆட்டங்களில் மட்டும் 60 கோல் போட்டார்! நூறு வருஷம் நெருங்கப் போகிறது. இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் அந்தச் சாதனையை இன்னும் யாரும் முறியடிக்கவில்லை.

அப்பேர்ப்பட்ட டீன், ஆட்டத்தை விட்ட பிறகு மதுக்கடை நடத்தினார். பிறகு ஒரு கம்பெனியில் சாதாரண வேலை பார்த்தார். மைதானத்தில் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர்களுக்குக் குறைவில்லை. பணப்பெட்டி மட்டும் கழக முதலாளிகளிடம் இருந்தது.

1936-ல் சலீம் கப்பலை விட்டு இறங்கியது இப்படிப்பட்ட உலகத்தில்.

ஏழு வயதில் விழுந்த விதை

சலீம் 1904-ல் கல்கத்தாவில் மெட்டியாபுருஸ் என்ற பகுதியில் பிறந்தார். அயோத்தி நவாப் வாஜித் அலி ஷா, வெள்ளையர் அவரது ராஜ்யத்தைப் பறித்த பிறகு குடியேறிய இடம் அது. நவாபின் காலம் போய்விட்டது. சலீம் பிறந்தபோது அங்கே கப்பல் துறையும், தையல்காரர்களும், ஏழை எளியவர்களும்தான். சலீமின் குடும்பமும் வசதி குறைந்த குடும்பமே.

அவருக்கு ஏழு வயதானபோது கல்கத்தாவில் ஓர் அதிசயம் நடந்தது.

1911-ம் வருஷம் ஜூலை 29-ந் தேதி, ஐ.எப்.ஏ. கேடயத்துக்கான இறுதி ஆட்டம். ஒரு பக்கம் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவின் வெள்ளைச் சிப்பாய்கள். எல்லோர் காலிலும் பூட்ஸ். இன்னொரு பக்கம் மோகன் பகான் கழகத்தின் வங்காள இளைஞர்கள். ஒருவரைத் தவிர மற்றவர்கள் வெறுங்கால்! ஷிப்தாஸ் பாதுரி என்பவர் தலைவர். ஆட்டம் முடிய வெள்ளையர் 1, வங்காளிகள் 2.

கல்கத்தாவே அன்று திருவிழாக் கோலம் பூண்டது. அந்த நகரத்துச் சிறுவர்கள் எல்லாம் தெருவில் பந்து உதைக்கத் தொடங்கினார்கள். சலீமும் அவர்களில் ஒருவர். படிப்பில் அவர் கெட்டிக்காரர் அல்ல. பந்து மட்டும் அவர் சொன்னபடி கேட்டது.

1926-ல் சித்தரஞ்சன் கழகத்தில் சேர்ந்தார். பிறகு பல கழகங்களில் ஆடினார். 1934-ல் முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்துக்கு வந்தார். அப்போதுதான் அடித்தது யோகம். சலீமுக்கு மட்டுமல்ல, கழகத்துக்கும்!

கல்கத்தா லீக் 1898-ல் தொடங்கியது. அதிலிருந்து 1933 வரை ஓர் இந்தியக் கழகம்கூடப் பட்டம் வாங்கியதில்லை. எல்லாம் வெள்ளையர் அணிகளுக்கே போயிற்று. முகமதன் ஸ்போர்ட்டிங் இரண்டாம் பிரிவிலிருந்து மேலே ஏறி வந்த முதல் வருஷமே, 1934-ல், பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனது. அடுத்த வருஷமும் அதற்கே. 1936, 1937, 1938 எல்லாம் அதற்கே! தொடர்ந்து ஐந்து வருஷம். அந்த அணியில் வலது ஓரத்து ஆட்டக்காரர் சலீம்.

மழைக்காலத்தில் கல்கத்தா மைதானம் சேறாகிவிடும். வெறுங்கால் வழுக்கும். அதனால் முகமதன் கழகம் சேற்று நாட்களில் தன் வீரர்களுக்கு லேசான பூட்ஸ் கொடுத்துப் பழக்கியது. அதுவும் வெற்றிக்கு ஒரு காரணம். ஆனால் சலீமுக்கு வெறுங்கால்தான் பிடித்தது. பாதத்துக்கும் பந்துக்கும் நடுவே தோல் எதற்கு என்பது அவர் கட்சி போலும்.

ஆளைக் காணோம்!

1936-ல் ஜெர்மனியில் பெர்லின் நகரத்தில் ஒலிம்பிக் விளையாட்டு. அதற்குப் புறப்பட்ட சீனக் கால்பந்து அணியிடம் போதிய பணம் இல்லை. அதனால் வழியில் உள்ள ஊர்களில் எல்லாம் இறங்கி, ஆடி, வசூலான காசில் பயணம் செய்தார்கள். அப்படிக் கல்கத்தாவுக்கும் வந்தார்கள்.

அங்கே இரண்டு ஆட்டங்கள். முதல் ஆட்டத்தில் சலீமின் திறமையைப் பார்த்துச் சீனர்களே பாராட்டினார்கள். இரண்டாவது ஆட்டத்துக்கு நாள் வந்தது. சலீம் எங்கே?

ஆளைக் காணோம்! தேடாத இடம் இல்லை.

அவர் அப்போது கப்பலில் இருந்தார். ஹாஷிம் என்ற உறவினர் சீமையில் குடியிருந்தார். கல்கத்தாவுக்கு வந்திருந்த அவர், சலீமின் ஆட்டத்தைப் பார்த்தார். "இந்தத் திறமையை இங்கே வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்ற எண்ணம் அவருக்கு. சலீமைக் கையோடு அழைத்துக்கொண்டு கப்பல் ஏறிவிட்டார்.

அன்றைய கல்கத்தாவில் பந்தாட்டத்துக்கென்று சம்பளம் கிடையாது. ஆடுகிறவர் வேறு வேலை பார்த்துத்தான் வயிற்றைக் கழுவ வேண்டும். சீமையிலோ அதுவே ஒரு தொழில். முப்பத்திரண்டு வயது ஆட்டக்காரருக்கு எத்தனை வருஷம் மிச்சம்? இரண்டு, மூன்று? போவதானால் அப்போதே போக வேண்டும். சொல்லாமல் போனது சரியல்லதான். ஆனால் சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களா?

லண்டனில் சில நாள் தங்கினார்கள். பிறகு கிளாஸ்கோவுக்கு ரயில் ஏறினார்கள்.

மேலி சிரித்தார்

செல்டிக் கழகம் அப்போது சாதாரணக் கழகம் அல்ல. 1935-36 பருவத்தில் ஸ்காட்லாந்து லீக் பட்டம் அதற்குத்தான். ஜிம்மி மெக்ரோரி என்ற வீரர் அந்த ஒரே பருவத்தில் 50 லீக் கோல் போட்டிருந்தார். மானேஜர் பெயர் வில்லி மேலி. 1897 முதல் அந்தப் பதவியில் இருந்தவர். கண்டிப்பான மனிதர்.

அவரிடம் போய் ஹாஷிம் நின்றார். இந்தியாவிலிருந்து ஒரு பெரிய ஆட்டக்காரர் வந்திருக்கிறார். பரீட்சை செய்து பாருங்கள். ஆனால் ஒரு சின்னச் சங்கதி, அவர் பூட்ஸ் போடமாட்டார் என்றார்.

மேலி சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வார்? அந்தக் காலத்துப் பூட்ஸைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கணுக்காலை மூடும் கெட்டித் தோல். முனையில் இரும்பு மாதிரி கடினம். அடியில் குமிழ்கள். ஒரு மிதி மிதித்தால் விரல் நொறுங்கும். பந்தும் தோல் பந்து. மழையில் நனைந்தால் கல் மாதிரி கனக்கும்.

இருந்தாலும், "பார்ப்போம்" என்று ஒத்துக்கொண்டார். கழகத்து உறுப்பினர்கள் ஆயிரம் பேரும், மூன்று பயிற்சியாளர்களும் பார்த்துக்கொண்டிருக்க, சலீம் தம் வித்தையைக் காட்டினார் என்று அவர் குடும்பத்தில் சொல்லி வந்திருக்கிறார்கள். எண்ணிக்கை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். விஷயம் என்னவென்றால், மேலியின் சிரிப்பு நின்றுவிட்டது. அணியில் இடம் கொடுத்தார்!

அந்த நாட்களில் எடுத்த ஒரு போட்டோ இன்றும் இருக்கிறது. செல்டிக் பயிற்சியாளர் ஜிம்மி மெக்மெனமி, சலீமின் பாதத்தைப் பிடித்துத் துணிக்கட்டுப் போடுகிறார். மெக்மெனமி சாதாரண ஆள் அல்ல. ஒரு காலத்தில் செல்டிக்கின் பெரிய வீரர். "நெப்போலியன்" என்று ரசிகர்கள் பட்டம் சூட்டியவர். 1936-ம் வருஷம்; இந்தியா முழுவதும் வெள்ளைக்காரத் துரைக்குச் சலாம் போட்ட காலம். அந்த நாளில் ஒரு வெள்ளைக்காரர், ஓர் இந்தியரின் பாதத்தைக் கையில் ஏந்திக் கட்டுப் போடும் காட்சியைக் கல்கத்தாவில் எங்கே பார்த்திருக்க முடியும்?

கட்டை விரலில் நின்ற பந்து

சலீம் ஆடிய ஆட்டங்களில் இரண்டு பெயர்பெற்றவை. ஹாமில்டன் அணியைச் செல்டிக் 5-1 என்று தோற்கடித்தது. கால்ஸ்டன் அணியை 7-1 என்று தோற்கடித்தது.

பத்திரிகைக்காரர் ஒருவர் கண்டதை அப்படியே எழுதிவைத்தார். பந்தைக் கட்டை விரலில் நிறுத்துவாராம் சலீம். அது மெல்ல உருண்டு சுண்டு விரலுக்கு வருமாம். அங்கே அதைச் சுழற்றுவாராம். ஒற்றைக் காலில் தாவி எதிரியைச் சுற்றிக்கொண்டு போய், நடுவில் நிற்பவரிடம் பந்தைத் தட்டிவிடுவாராம். அவர் கோலுக்குள் தள்ளினால் போதும்!

பூட்ஸ் போட்ட காலால் இதைச் செய்ய முடியுமா?

அன்று ஒரு பெனால்டி கிடைத்தது. சலீமையே அடிக்கச் சொன்னார்கள். அவர் மாட்டேன் என்றுவிட்டார். கூச்சமாக இருக்கிறது என்றாராம். ஆயிரக்கணக்கானவர்களுக்கு நடுவே வித்தை காட்டுகிறவருக்குத் தனியாக நின்று ஒரு உதை உதைக்கக் கூச்சம்! அதையும் அந்தப் பத்திரிகை விடாமல் எழுதியது. இங்கிலீஷ் தெரியாத சலீமுக்கு ஹாஷிம்தான் மொழிபெயர்த்துச் சொன்னார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சலீம் செல்டிக்கின் முதல் அணியில் மெக்ரோரியோடு சேர்ந்து ஆடினார் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது மிகை. அவர் ஆடியது அலையன்ஸ் என்ற லீக்கில், இரண்டாம் அணியில். முதல் அணிக்கு ஆள் எடுப்பது அங்கிருந்துதான். ஆனாலும் ஐரோப்பாவின் பெரிய கழகம் ஒன்றின் பனியனைப் போட்டுக்கொண்டு ஆடிய முதல் இந்தியர் என்று சலீமைச் சொல்கிறார்கள். அந்தப் பெருமைக்கு மிகை தேவையில்லை.

ஊர் ஞாபகம்

செல்டிக் கழகம் அவரை விட மனமில்லாமல் இருந்தது. ஒரு பருவமாவது இருந்து ஆடும்படி கேட்டார்கள். அவருக்காக ஓர் ஆட்டம் நடத்தி, வசூலில் நூற்றுக்கு ஐந்து கொடுப்பதாகவும் சொன்னார்கள்.

அந்தப் பணத்தை அனாதைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சலீம் சொல்லிவிட்டார் என்று கூறுகிறார்கள். தொகை பெரியது என்று தெரிந்த பிறகும் சொன்ன சொல்லை மாற்றவில்லையாம்.

அவருக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. பேச மொழி தெரியாது. பேசுவதற்கு ஹாஷிமை விட்டால் ஆள் கிடையாது. கல்கத்தாவில் லீக் காத்திருந்தது. சில மாதங்களில் கப்பல் ஏறி வந்துவிட்டார்.

பிழைக்கத் தெரியாதவர் என்று இதைப் படிக்கும் சிலர் சொல்லலாம். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் மகனை அனுப்பிவிட்டு, டெலிபோனில் குரல் கேட்கும் வீடுகளுக்கு அவர் மனசு கொஞ்சம் புரியும். அவர் இருந்திருந்தால் அடுத்த பருவத்தில் முதல் அணிக்கு வந்திருப்பாரா? வாரச் சம்பளம் வாங்கும் முதல் இந்திய வீரர் ஆகியிருப்பாரா? வயதையும் பார்க்க வேண்டும். கிளாஸ்கோவின் குளிர்கால மழையையும் சேற்றையும் பார்க்க வேண்டும். அவர் அங்கே ஆடியது கோடையின் கடைசியில். ஜனவரி மாதச் சேற்றில் வெறுங்கால் என்ன பாடுபட்டிருக்கும்?

அதற்கான பதில் பதினாறு வருஷம் கழித்து வேறோர் இடத்தில் கிடைத்தது.

பூட்ஸ் வந்தது

1948-ல் லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்தர இந்தியாவின் அணி பிரான்சுடன் மோதியது. நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்கால். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தார். இரண்டு பெனால்டிகளைக் கோட்டைவிட்டும், கடைசி நிமிஷத்தில்தான் இந்தியா 2-1 என்று தோற்றது. லண்டன் மக்கள் கை தட்டினார்கள்.

1952-ல் பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கி ஒலிம்பிக். குளிரில், யூகோஸ்லாவியாவுக்கு எதிரே பலர் வெறுங்காலுடன் நின்றார்கள். 10-1 என்று படுதோல்வி! அதன் பிறகு பூட்ஸ் கட்டாயம் என்று விதி வந்தது. நான்கு வருஷத்தில் பலன் தெரிந்தது. 1956-ல் மெல்பர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம். 1960-ல் ரோமில் பெரு நாட்டுக்கு எதிராகச் சைமன் சுந்தர்ராஜ் ஒரு கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட கடைசிக் கோல் அதுதான். பிறகு இந்தியா அந்தப் போட்டிக்குத் தகுதி பெறவே இல்லை.

கடலூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குச் சிப்காட்டின் ரசாயன ஆலைகள் நினைவுக்கு வரும். அந்தக் கடலூரில் பிறந்த இந்துமதி கதிரேசன், இந்திய மகளிர் அணியின் நடுக்களத்தில் ஆடியவர். தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது சென்னைத் தெருவில் காக்கிச் சட்டையுடன் காவல் பணி செய்தார். பந்தாட்டம் மட்டும் சோறு போடாது என்ற நிலைமை சலீம் காலத்தோடு முழுதும் போய்விடவில்லை.

மகன் எழுதிய கடிதம்

சலீம் கல்கத்தாவுக்குத் திரும்பி, 1937-லும் 1938-லும் முகமதன் ஸ்போர்ட்டிங் பட்டம் வாங்கியபோது அணியில் இருந்தார். பிறகு ஆட்டத்தை விட்டார். உலகப் போர் வந்தது. பஞ்சம் வந்தது. பிரிவினை வந்தது. கல்கத்தா அவரை மெல்ல மறந்தது.

வருஷங்கள் ஓடின. சலீம் முதுமையில் நோய்வாய்ப்பட்டார். அவர் மகனுக்கு ஒரு யோசனை தோன்றியது. செல்டிக் கழகத்துக்குக் கடிதம் எழுதினார். உங்கள் அணியில் ஆடிய முகமது சலீம் நோயுற்றிருக்கிறார், வைத்தியத்துக்குப் பணம் தேவை என்று.

பணம் வேண்டும் என்பதற்காக அவர் எழுதவில்லை. தம் தந்தையை அந்தக் கழகம் ஞாபகம் வைத்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவே எழுதியதாக அவர் பிறகு சொன்னார். சலீம் அங்கே ஆடியது ஒரு பருவம்கூட இல்லை. அந்த மானேஜர் இல்லை. அந்தப் பயிற்சியாளர் இல்லை. யாருக்கு நினைவிருக்கும்?

பதில் வந்தது. உறைக்குள் 100 பவுனுக்கு ஒரு பாங்கு டிராப்ட் இருந்தது.

சலீம் 1980-ல் காலமானார். அதே வருஷம் மார்ச்சு மாதம் முதல் தேதி, அறுபது கோல் வீரர் டிக்ஸி டீனும், தம் பழைய எவர்ட்டன் மைதானத்தில் ஆட்டம் பார்க்கப் போன இடத்தில் மாரடைப்பால் இறந்துபோனார்.

அந்த 100 பவுன் டிராப்டை சலீமின் மகன் பாங்கில் கொடுத்து மாற்றவில்லை. அதை அப்படியே பத்திரமாக வைத்துக்கொண்டார்.